சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு: நிலம் தேடுவதும் பணம் கட்டுவதும்

சேலத்தை அடுத்து, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நாலைந்து ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருந்தும் அதைக் கூடவே நின்று பார்க்க முடியாத குடும்பங்கள் பல இருக்கின்றன. தாத்தா காலத்துத் தோட்டம் அது. பேரப்பிள்ளைகள் சேலத்திலோ சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். விற்க மனம் வரவில்லை, வைத்துப் பார்க்க ஆளில்லை. இன்னொரு பக்கம், மண்ணில் உழைக்கத் தெரிந்தும் மலையில் ஓர் ஏக்கர்கூட விலைக்கு வாங்க வசதியில்லாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் பொருந்தி வரக்கூடியது குத்தகை. நான் பதினான்கு ஆண்டுகளாகக் குத்தகை நிலத்தில்தான் காப்பியும் மிளகும் எடுத்து வருகிறேன். முதல் தோட்டத்தில் நட்டப்பட்டேன். அடுத்த இரண்டும் என் குடும்பத்தைக் காப்பாற்றின. அந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதைப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

குத்தகை பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ‘ஏக்கருக்கு எவ்வளவு?’ என்ற கேள்வியைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை ஆண்டுக்கு?’ என்பது. காப்பிச் செடியை இந்த ஆண்டு கவாத்து செய்தால், அதாவது பழைய கிளைகளை வெட்டிக் கழித்தால், அதன் பலன் புதிதாக ஓடும் கிளைகளில் அடுத்த ஆண்டுக்குப் பிறகுதான் தெரியும். மிளகுக் கொடியை இன்று நட்டால் ஓரளவு காய் பார்க்க மூன்று ஆண்டுகளாவது செல்லும். பதினோரு மாதத்துக்கு நிலம் எடுத்தவர் கவாத்தும் செய்ய மாட்டார், மண்ணுக்குச் சுண்ணாம்பும் போட மாட்டார். இருக்கிற காயை உருவிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த காலம் அவ்வளவுதான். ஆகவே ஆண்டுக் கணக்கைப் பேசி முடித்த பிறகு ரூபாய்க் கணக்குக்கு வருவதே முறை. ஒரே தோட்டத்தை ஓராண்டுக்கு எடுப்பதற்கும் ஐந்தாண்டுக்கு எடுப்பதற்கும் ஏக்கருக்கு நாம் கொடுக்கத் தகுந்த தொகை ஒன்றாகவே இருக்காது.

எந்த வகைக் குத்தகை

மலையில் குத்தகை என்ற ஒரே சொல் மூன்று வேறு ஏற்பாடுகளைக் குறிக்கிறது. முதலாவது மகசூலை மட்டும் பேசுவது: காய் பிடித்த பிறகு தோட்டத்தைப் பார்த்து, மிளகையோ பலாவையோ ஆரஞ்சையோ மரத்திலிருக்கும்போதே விலை பேசி, பறித்துக்கொண்டு வெளியேறுவது. இது வியாபாரம், நிலத்தின் மீது எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டாவது, நிலத்தையே ஆண்டுக் கணக்கில் எடுத்து, செடியைப் பராமரித்து, விளைவதை நாமே எடுத்துக்கொண்டு, பேசிய தொகையைக் கட்டுவது. மூன்றாவது வாரம்: உழைப்பு ஒருவருடையது, நிலம் ஒருவருடையது, விளைச்சலில் பங்கு. கையில் முதல் இல்லாதவருக்கு வாரம் நல்ல தொடக்கம்தான். ஆனால் உரம், பறிகூலி, வண்டி வாடகை ஆகியவை பங்கு பிரிக்கும் முன்பு கழிக்கப்படுமா பின்பா என்று முதல் நாளே எழுதிக்கொள்ளாவிட்டால், அறுவடை முடிந்த மாதத்தில் நட்பு முறியும்.

போக்கியம் என்பது இவற்றிலிருந்து வேறு. அதில் மொத்தத் தொகையைக் கொடுத்து நிலத்தை அனுபவித்துவிட்டு, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற வேண்டும். அதாவது நாம் உரிமையாளருக்குக் கடன் கொடுக்கிறோம். அவர் அந்தப் பணத்தைத் திருப்பித் தர முடியாத நிலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் அதில் இறங்கக் கூடாது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையான நிலக் குத்தகையைப் பற்றியது.

தேடும் வழி

நல்ல தோட்டம் விளம்பரப் பலகையில் வருவதில்லை. எந்தத் தோட்டத்தில் களை எடுத்து ஒரு வருடம் ஆகிறது, எந்த வீட்டில் பெரியவர் படுத்துவிட்டார், எந்தப் பங்காளிகள் பாகப்பிரிவினை முடித்துவிட்டார்கள் என்பதெல்லாம் முதலில் தெரிவது மூன்று பேருக்கு: பறிக்கும் ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவரும் மேஸ்திரிக்கு, காப்பிப் பழம் வாங்கி, தோல் நீக்கும் எந்திரமான பல்பரில் போடும் வியாபாரிக்கு, மிளகு எடை போடும் கடைக்காரருக்கு. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வெள்ளக்கடை, கொட்டச்சேடு என்று ஊர் ஊராகப் போய் இவர்களிடம் பேசுங்கள். தரகர் வழியாகப் போவதிலும் தவறில்லை. ஆனால் அவருடைய கமிஷன் யாரிடமிருந்து, எவ்வளவு என்பதை உரிமையாளர் முன்னிலையில் பேசிவிட வேண்டும்.

தேடத் தொடங்கும் முன்பே உயரத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஏற்காடு ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அரபிகா காப்பிக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ச்சி உகந்தது. அதற்குக் கீழே சரிவில் இறங்க இறங்க ரொபஸ்டாவும் மிளகும் பலாவும் பொருந்தும். கீழ்ச்சரிவுத் தோட்டத்தை அரபிகா விலைக்குப் பேசி எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பாதையும் உயரத்தைப் போலவே முக்கியம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏறும் பெரிய சாலை ஒன்று. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக வரும் சாலை மற்றொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது அறுவடைக் காலம் நடந்துகொண்டிருந்தது. பறித்த பழத்தை அன்றே தோல் நீக்காவிட்டால் அது புளித்துக் கெடும். ஆகவே தோட்டத்திலேயே பல்பரும் காய வைக்கும் களமும் இருக்கின்றனவா, இல்லையென்றால் பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதைக் கேட்டு, அதற்கேற்ப விலை பேச வேண்டும்.

நடந்து பார்த்தல், எண்ணிப் பார்த்தல்

ஒரு தோட்டத்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்யக் கூடாது. மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்து செடி பூக்கும் நேரம், ஆகஸ்ட், செப்டம்பரில் காய் பிடித்து நிற்கும் நேரம், டிசம்பரில் பறிக்கும் நேரம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நிலத்தைச் சுற்றி மட்டும் நடக்காமல் வரிசைக்குள்ளே நடக்க வேண்டும். சாலையோரத்துச் செடிகள் எப்போதும் அழகாகவே இருக்கும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, “இலையைப் பார்த்து ஏமாறாதீங்க தம்பி, அடிமரத்தைத் தடவிப் பாருங்க” என்பார். அரபிகாவின் பெரும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதன் புழு தண்டுக்குள் குடைந்து போகும்போது பட்டையின் மேல் வரப்பு போல் மேடு எழும்பும். விரலை வைத்தால் தெரியும். அந்த மேடு தெரிகிற செடி, இலை பச்சையாக இருந்தாலும், நாம் கணக்கில் சேர்க்கத் தகுந்த செடி அல்ல; வண்டுகள் வெளியே பறக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கும் முன்பே பிடுங்கி எரிக்க வேண்டியது. வெயில் நேரடியாக விழும் இடங்களில் இந்தப் பூச்சி அதிகம் வரும் என்பதால், நிழல் மரங்கள் அழிக்கப்பட்ட தோட்டத்தை நான் எடுப்பதில்லை. மிளகுக் கொடியில் இலை கறுத்து மொத்தமாக உதிர்ந்திருந்தால் வாடல் நோய். அந்த இடத்து மண்ணில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு எண்ண வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆறடிக்கு ஆறடி நட்டிருந்தால் ஏக்கருக்கு 1,210 செடி இருக்க வேண்டும். உரிமையாளர் இந்த எண்ணைத்தான் சொல்வார். வெவ்வேறு இடங்களில் பத்து வரிசைகளை நீங்களே எண்ணி, செத்ததையும் துளைப்பான் பிடித்ததையும் கழித்துப் பாருங்கள். ஏக்கருக்குத் தொள்ளாயிரம் நல்ல செடி நின்றால் அது பராமரிக்கப்பட்ட தோட்டம். ஒரு செடிக்குச் சராசரி ஒரு கிலோ பழம் என்று வைத்தால் 900 கிலோ பழம். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான காப்பிக்கொட்டை என்ற கணக்கில் ஏக்கருக்கு 150 கிலோ கொட்டை கிடைக்கும். மிளகும் அப்படியே: எண்பது கொடி, கொடிக்கு இரண்டு கிலோ பச்சை மிளகு என்றால் 160 கிலோ, காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 53 கிலோ.

அரபிகா ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு களைத்து நிற்கும். உரிமையாளர் காட்டும் விற்பனைச் சீட்டு பெரும்பாலும் நிறையக் காய்த்த ஆண்டுடையதாகவே இருக்கும். மூன்று ஆண்டுச் சீட்டுகளைக் கேளுங்கள். சீட்டு இல்லை என்றால் சந்தேகப்படத் தேவையில்லை, உங்கள் எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள்.

தண்ணீர், மின் இணைப்பு, ஆட்கள் தங்கும் வீடு, வண்டி உள்ளே வரும் பாதை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாதை பிறர் நிலத்தின் வழியாக வந்தால், அந்தப் பிறரையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆவணங்கள்

இந்த மலையில் காப்பி 1820-களிலேயே, சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் வந்துவிட்டது. இருநூறு ஆண்டுகளில் தோட்டங்கள் கை மாறியும், வாரிசுகளுக்கிடையே துண்டுபட்டும், பாதி எழுத்திலும் பாதி வாய்ச்சொல்லிலுமாக இன்றைய உரிமையாளர்களிடம் வந்திருக்கின்றன. ஆகவே தோட்டத்தில் நின்று சாவி கொடுக்கிறவர்தான் உரிமையாளர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் முதல் தோட்டத்தில் செய்த தவறு அதுதான். அண்ணன் கையெழுத்துப் போட்டார்; பட்டா மறைந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தது; நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழம் சிவந்து நின்ற டிசம்பரில் அவருடைய தங்கை தமக்கும் பங்கு உண்டு என்று வந்து நின்றார். அவர் கேட்டது நியாயம். அவரைக் கேட்காமல் நிலம் எடுத்தது என் பிழை. அந்த ஆண்டு மகசூலில் பாதி அந்த வழக்கிலேயே போய்விட்டது.

பார்க்க வேண்டியவை இவை. நில உரிமையைக் காட்டும் பட்டா, சிட்டா, நிலத்தின் வகைப்பாடு உள்ள அ-பதிவேட்டு நகல் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பட்டாவில் உள்ள ஒவ்வொருவரும், அவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும், குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வெளியூரில் இருப்பவர் சார்பில் அதிகாரப் பத்திரம் கொண்டு வருகிறவர் என்றால், அந்தப் பத்திரத்தில் குத்தகைக்கு விடும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, அது ரத்தாகாமல் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், நிலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் எல்லைக் கற்களைத் தேடுங்கள்; மலையில் கற்கள் புதருக்குள் இருக்கும், அரைநாள் பிடிக்கும், ஆனாலும் அந்த அரைநாளைச் செலவிடுங்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். இந்த மலையின் பூர்வகுடிகள் மலையாளிப் பழங்குடியினர். அவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிலங்கள் நிபந்தனைக்கு உட்பட்டவை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிடைத்த உரிமை பிள்ளைகளுக்குப் போகுமே தவிர, அதை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்ட நிலத்தை யாராவது மலிவாகக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னால், வறுமையால் அவர்கள் தரலாம். நாம் எடுக்கக் கூடாது. சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய கடைசிப் பிடிமானம் அது.

பத்திரத்துக்கு வருவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பதிவு செய்யாத மூன்றாண்டுக் குத்தகைத் தாளை, பிரச்சினை வந்தபின் நீதிமன்றத்தில் குத்தகைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பதினோரு மாதத் தாள்கள் புழக்கத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். பதிவுச் செலவை மிச்சப்படுத்தலாம். இன்னொரு காரணம் உரிமையாளரின் அச்சம். 1955-ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தையும் கேள்விப்பட்ட பெரியவர்கள், நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரை இரு தரப்புக்கும் பொதுவாக வைத்து, காலம் முடிந்ததும் ஒப்படைக்கும் முறையைத் தெளிவாக எழுதினால், ஐந்தாண்டுப் பதிவுப் பத்திரத்துக்குச் சம்மதிக்காத உரிமையாளரை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, காலம் முழுவதற்குமான வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். பதிவுக் கட்டணம் தனி. ஐந்தாண்டு நிம்மதிக்கு இது பெரிய செலவன்று.

மரங்களைப் பற்றி ஒரு ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மிளகுக் கொடி ஏறி நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில். மரம் உரிமையாளருடையது, மிளகு உங்களுடையது. மூன்றாம் ஆண்டில் மர வியாபாரி ஒருவர் வந்து நல்ல விலை சொன்னால் உரிமையாளருக்கு ஆசை வருவது இயல்பு. மரம் போனால் கொடியும் நிழலும் சேர்ந்தே போகும். குத்தகைக் காலத்தில் மரம் விற்பதில்லை என்று எழுதி வாங்குங்கள். மலைப் பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. நிழலைச் சீராக்கக் கிளை கழிக்கும் உரிமை மட்டும் குத்தகைதாரருக்கு இருந்தால் போதும்.

தொகையும் கட்டும் முறையும்

சமவெளியில் வயலைக் குத்தகைக்கு விட்டவர்கள் முன்பெல்லாம் ரூபாயில் பேசியதில்லை. ஆண்டுக்கு இத்தனை மூட்டை நெல் அளக்க வேண்டும் என்றுதான் பேசினார்கள். காப்பித் தோட்டத்துக்கும் அந்தப் பழைய முறையே சிறந்தது என்பது என் துணிபு. காப்பி விலையும் மிளகு விலையும் மூன்று ஆண்டுக்குள் எங்கேயோ ஏறும், எங்கேயோ இறங்கும். ரூபாயில் நிர்ணயித்தால், விலை ஏறிய ஆண்டில் உரிமையாளர் மனம் புழுங்குவார். இறங்கிய ஆண்டில் நீங்கள் கடன் வாங்கிக் கட்டுவீர்கள். கிலோவில் நிர்ணயித்துவிட்டு, பணமாகக் கட்டினால் இருவரும் ஒரே படகில் இருப்பீர்கள்.

மேலே சொன்ன அதே ஏக்கரை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். விளைவது 150 கிலோ கொட்டை, 53 கிலோ மிளகு. பறிகூலி, களை, உரம், சுண்ணாம்பு, பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவை, கவாத்து, நிழல் கழிப்பு, வண்டி ஆகியவற்றின் செலவைக் கூட்டி, அது எத்தனை கிலோ கொட்டைக்குச் சமம் என்று பாருங்கள். அது 90 கிலோ என்று வந்தால் மிச்சம் 60 கிலோ. மிளகில் பறிப்புச் செலவுக்கு 13 கிலோ போனால் மிச்சம் 40 கிலோ. இந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் குத்தகையாகக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அதாவது ஏக்கருக்கு 30 கிலோ கொட்டையும் 20 கிலோ மிளகும். மறுபாதியில்தான் உங்கள் உழைப்புக்கான கூலியும், மழை பொய்த்த ஆண்டுக்கான கையிருப்பும் இருக்கின்றன. உங்கள் தோட்டத்தின் எண்களை இந்த இடத்தில் போட்டுப் பார்த்தால், வாசலில் உரிமையாளர் சொல்லும் தொகை கூடுதலா நியாயமா என்பது புரிந்துவிடும். தோட்டம் பாழாகிக் கிடந்து, நீங்கள்தான் சீர்திருத்த வேண்டும் என்றால், முதல் இரண்டு ஆண்டுக்குப் பாதித் தொகை என்று பேசுவதில் கூச்சப்பட வேண்டாம்.

எந்த நாளின் விலை என்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். காப்பிக்குக் காப்பி வாரியம் நாள்தோறும் வெளியிடும் விலையையும், மிளகுக்குக் கொச்சிச் சந்தை விலையையும் எடுத்துக்கொண்டு, பிப்ரவரி மாதச் சராசரி, ஏப்ரல் மாதச் சராசரி என்று குறிப்பிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

குத்தகை ஆண்டைச் சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிப்பது இந்தப் பயிருக்குப் பொருத்தம். காப்பி பறிப்பு பிப்ரவரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்; அடுத்த ஆண்டின் பூவோ மார்ச், ஏப்ரல் மழையில் வரும். ஜனவரியில் தொடங்கும் குத்தகையில், செடியில் நிற்கும் பழம் யாருடையது என்ற சண்டையோடுதான் உறவு தொடங்கும். கட்டும் தவணைகளும் பயிரை ஒட்டியே அமைய வேண்டும்: தொடக்கத்தில் ஒரு சிறு பங்கு, காப்பி விற்றபின் பெரும்பங்கு, மிளகு விற்றபின் மீதி. அறுவடைக்கு முன்பே முழுத் தொகையையும் கேட்கும் இடத்தில், வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். வேறு தோட்டம் தேடுங்கள். திரும்பத் தரும் முன்பணம் ஓர் ஆண்டுக் குத்தகையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டியதில்லை.

பணத்தை வங்கி வழியாக மட்டுமே கட்டுங்கள். ஒரே கொடுக்கல் வாங்கலில் 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெற்றவருக்கு, பெற்ற தொகைக்கு நிகரான அபராதம் உண்டு. உரிமையாளர் பலராக இருந்தால், அவரவர் பங்கை அவரவர் கணக்கிலேயே செலுத்துங்கள். ‘அண்ணனிடம் கொடுத்துவிடு, நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்’ என்று அவர்கள் அன்பாகச் சொன்னாலும், அதை எல்லோரும் கையெழுத்திட்ட தாளாக வாங்கிக்கொள்ளாமல் ஏற்கக் கூடாது.

பூ மழை அடியோடு பொய்த்தாலோ, ஆலங்கட்டி விழுந்தாலோ, காட்டெருமை இறங்கி அழித்தாலோ அந்த ஆண்டுத் தொகை எவ்வளவு குறையும் என்பதும் எழுதப்பட வேண்டும். இழப்பை இருவரும் சேர்ந்து நடந்து பார்த்து, ஏழு நாளுக்குள் எழுத்தில் குறித்துக்கொள்வது என்ற ஷரத்தை நான் சேர்த்துக்கொள்கிறேன். இதனால் ஒருமுறை என் உரிமையாளரான அம்மையார் எழுபது வயதில் சரிவில் இறங்கி வந்து, ஒடிந்து கிடந்த செடிகளை என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். அந்த ஆண்டு அவர்களாகவே நான் கேட்டதைவிட அதிகம் தள்ளிக் கொடுத்தார்கள்.

காட்டு எல்லையும் விலங்குகளும்

சேர்வராயன் தோட்டங்கள் பலவற்றின் ஒரு பக்கம் காப்புக் காட்டோடு சேர்ந்திருக்கும். இளைஞர்கள் சிலர், ‘தனியார் நிலம்தானே, குத்தகைக்கு எடுத்தபின் பயிருக்கு வரும் பன்றியை நாமே அடித்துக்கொள்ளலாம் அல்லவா?’ என்று என்னிடம் கேட்டதுண்டு. வெளிநாடுகள் சிலவற்றில் வேட்டைக்கென்றே தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் இருப்பதை அவர்கள் காணொளிகளில் பார்த்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நிலம் சொந்தமா, குத்தகையா, புறம்போக்கா என்று அது பார்ப்பதில்லை. காட்டெருமை முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை சிறை. சுருக்கு வைப்பதும் வேட்டைதான். காட்டுப்பன்றித் தொல்லைக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் அதிகாரம் வனத்துறையினருக்கு மட்டுமே உண்டு. காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பெரும்பாலான மலைத் தோட்டங்கள் இந்த நெருக்கத்தில்தான் இருக்கின்றன.

வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது விலங்கையும் கொல்லும், விடியற்காலையில் வரும் பறிப்பாளையும் கொல்லும். சூரியசக்தி மின்வேலி போடுவதென்றாலும் 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் இருக்கின்றன. வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்றுப் போட வேண்டும். பயிர்ச் சேதம் நேர்ந்தால் படம் எடுத்து, உடனே வனத்துறையில் எழுத்து மூலம் கொடுங்கள். இழப்பீடு உரிமையாளர் பெயரில் வந்தால் அது யாரைச் சேரும் என்பதையும் பத்திரத்திலேயே சொல்லிவிடுங்கள். காட்டு எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு காய்ந்த கிளையைக்கூட எடுக்கக் கூடாது என்பதை உங்கள் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

ஒப்படைக்கும் நாள்

குத்தகை தொடங்கும் நாளில் உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து நடந்து, காப்பிச் செடி, மிளகுக் கொடி, நிழல் மரம், பல்பர், மோட்டார், குழாய் எல்லாவற்றையும் எண்ணி ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாகக் கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். முடியும் நாளில் அதே பட்டியலோடு அதே பாதையில் நடக்க வேண்டும். இடையில் செத்த செடிகளுக்கு ஈடாக நீங்கள் நட்டவை எத்தனை, அதற்கு மேல் கூடுதலாக ஏற்றிய மிளகுக் கொடி எத்தனை என்பது அப்போது தெரியும். கூடுதல் கொடி ஒன்றுக்கு இத்தனை கிலோ மிளகின் விலை ஈடு என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால், கடைசி ஆண்டிலும் கன்று நட உங்களுக்கு மனம் வரும். மிளகு சில ஆண்டுகளில் ஏப்ரல் வரை பழுக்கும். பங்குனி முடிந்தும் கொடியில் நிற்பதைப் பறிக்க முப்பது நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முப்பது நாளில் பழைய கவாத்துக் குச்சிகளை அகற்றி, வடிகாலைத் தூர்வாரி, களத்தைக் கூட்டிவிட்டு, முன்பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த செய்தியைப் பார்த்தபின் சாவியைக் கொடுங்கள்.